எண்பத்தெட்டாயிரம் ஏக்கருக்கு ஒரு விலை

கொலெட் இரிபாரின் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே இருந்தது மார்பளவுத் தடுப்பு ஒன்றுதான். பதினோரு வருடம் அப்படி எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தலையை நிமிர்த்தினால் அவளுடைய நெற்றி தெரியும். நெற்றிச் சுருக்கத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடலாம்.

வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்காக மதிப்பீடு போடும் அலுவலகம் எங்களுடையது. ஒரு மசோதா சட்டமானால் அடுத்த பத்து வருடத்தில் அரசுக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நல்லதா கெட்டதா என்று சொல்லக் கூடாது. எனக்கு அணைகளும் மீன்வளமும். அவளுக்கு மத்திய அரசின் நிலங்கள்.

அந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நெவாடாவில் பத்தில் எட்டு பங்கு நிலம் மத்திய அரசுடையது, அவள் அங்கே சோரல் மாவட்டத்தில் பிறந்தவள். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அண்ணன் ரெனே இன்னும் ஆயிரத்து எண்ணூறு ஆடுகளை அரசு நிலத்தில் உரிமம் வாங்கி மேய்த்துக்கொண்டிருந்தான். அதை அவள் மறைத்ததே இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் சொத்து, உறவு விவரம் எழுதிக் கொடுக்கும் படிவத்தில், ரெனேவின் உரிம எண்ணையும் மேய்ச்சல் நிலத்தின் எல்லையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இருபத்து நான்கு படிவங்கள். எங்கள் பிரிவின் தலைவர் ஹார்லன் ட்ரெட்வே ஒவ்வொன்றையும் வாங்கி வைத்திருக்கிறார்.

அந்த வருடம் மார்ச் மாதம் பெரிய வரிச் சலுகை மசோதா ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. சலுகை கொடுத்தால் வருமானத்தில் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க யாரோ நிலத்தை விற்கலாம் என்றார்கள். சோரல் மாவட்டத்தில் எண்பத்தெட்டாயிரம் ஏக்கர். மசோதாவில் அந்தப் பகுதி பதினொரு பக்கம், ஒரு வரைபடம். நூற்று நாற்பது கோடி டாலர் வரும் என்று மசோதாவை எழுதிய நாடாளுமன்றக் குழுவின் தரப்பில் அறிவித்தும் விட்டார்கள். அதன் பிறகுதான் மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழுவில் அந்தப் பகுதியைக் கவனித்தவர் மேசன் பிரையர். முப்பத்திரண்டு வயது இருக்கும். குரலை உயர்த்தாத, ஒரு நாளைக்கு நான்கு தடவை போன் செய்யும் மனிதர். கொலெட் எழுதிக்கொண்டே பேசுவதற்காக ஸ்பீக்கரில் போடுவாள். அதனால் எனக்கும் எல்லாம் காதில் விழும்.

"கொலெட், குட் மார்னிங். நூத்தி நாப்பதுன்னு நாங்க சொல்லிருக்கோம். உங்க நம்பரும் அதுக்குப் பக்கத்துல வந்தா எல்லாருக்கும் நல்லது."

"அந்த நூத்தி நாப்பது எங்கேர்ந்து வந்தது மேசன்?"

"லாஸ் வேகஸ் பக்கத்துல நிலம் போற விலைய எடுத்து, அதுல பத்துல ஒரு பங்குதான் போட்டோம். ரொம்ப அடக்கமாத்தான் போட்டிருக்கோம்."

"வேகஸுக்கும் சோரலுக்கும் எவ்வளவு தூரம்னு தெரியுமா?"

"மேப்ல பாத்தேன்."

"ஆறு மணி நேரம். நடுவுல ஒரே ஒரு பெட்ரோல் பங்க். அதுவும் ஞாயித்துக்கெழம மூடிருக்கும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவள் வேலை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நில அலுவலகத்தின் களப் பணியாளர்கள், நிலத்துக்கு விலை வைப்பவர்கள், அந்த ஊரில் வீடு கட்டி விற்கும் இரண்டே இரண்டு பேர் என்று எல்லாரையும் போனில் பிடித்தாள். மூன்றில் இரண்டு பங்கு மலைச்சரிவும் உப்புப் படுகையும். தண்ணீர் கிடையாது. கால்வாசி நிலத்தின் மேல் தங்கச் சுரங்கக் கம்பெனிகள் ஏற்கெனவே தோண்டும் உரிமை எழுதி வைத்திருந்தன. ஊரை ஒட்டிய நாலாயிரம் ஏக்கர்தான் யாராவது நல்ல விலை கொடுத்து வாங்கக்கூடியது. எதையும் விற்பதற்கு முன்னால் அளக்க வேண்டும், பழைய குடியிருப்புகளின் தடயம் இருக்கிறதா என்று தேட வேண்டும், விலை மதிக்க வேண்டும். முதல் டாலர் உள்ளே வருவதற்கே நாலு வருடம்.

ஏப்ரலில் அவள் போட்ட எண் ஆறு கோடி.

"ஆறா?" என்றார் மேசன். "நூத்தி ஆறா?"

"ஆறு."

"ஊருக்குப் பக்கத்துல நாலாயிரம் ஏக்கர் நல்ல நிலம்னு நீங்களே எழுதிருக்கீங்களே."

"அதுல பாதிய விக்கச் சொல்லி எட்டு வருஷம் முன்னாடியே சட்டம் போட்டாச்சு மேசன். உங்க மசோதா வந்தாலும் வராட்டியும் அத வித்துருவாங்க. அந்தப் பணம் ஏற்கெனவே கணக்குல இருக்கு. ஒரே வீட்ட ரெண்டு தடவ விக்க முடியாதில்ல."

"ஆனா பணம் வருதில்ல?"

"வருது. உங்களால வரல."

இதைப் புரியவைக்க அவளுக்கு மூன்று நாள், பதினோரு போன், இரண்டு நேரடிக் கூட்டம் ஆயிற்று. புரிந்ததா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கூட்டம் முடிந்து வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பெட்ரா, கடைசியா அந்த ஆளு என்ன கேட்டார் தெரியுமா? பத்து வருஷக் கணக்க இந்த ஒரு தடவ மட்டும் முப்பது வருஷமா மாத்திப் போட முடியுமாங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"முப்பது வருஷம் போட்டா, நிலத்த வித்ததால வராமப் போற மேய்ச்சல் கட்டணமும், சுரங்கத்து வாடகையும் கழியும், அந்த ஆறு கோடியும் கொறையும்னேன். அப்ப வேண்டாம்னுட்டார்."

எண் பிடிக்கவில்லை என்றால் மசோதாவை மாற்றுவார்கள். அது அவர்கள் உரிமை. ஏழு வாரத்தில் ஒன்பது வரைபடம் வந்தது. ஒரு சரிவை வெட்டுவார்கள், ஒரு பள்ளத்தாக்கைச் சேர்ப்பார்கள். பதினொரு பக்கம் இருபதாகி முப்பத்து நாலாயிற்று. ஒவ்வொரு தடவையும் புதன்கிழமை அனுப்பி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்பார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து போட்டாள். ஆறு கோடி இருபது லட்சம். ஐந்து கோடி தொண்ணூறு லட்சம். ஒரு தடவை ஏழு கோடி வரை போயிற்று, அன்றைக்கு மேசன் அவளுக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே அடுத்த வரைபடம் வந்தது.

பத்தாவது வரைபடம் மே மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை வந்தது. அவள் அதைத் திறந்து இரண்டு திரையிலும் பரப்பி வைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெட்ரா, இங்க கொஞ்சம் வா."

கிழக்கு எல்லை இருபது கிலோமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு ஒரு பள்ளத்தாக்குக்குள் போயிருந்தது. மற்ற எல்லைகளோடு ஒட்டாமல், மடக்கிய முழங்கை மாதிரி இருந்தது.

"இது கசப்போடை," என்றாள். "இது ரெனேவோட எடம்."

அவள் யோசிக்கவில்லை. நேராக எழுந்து ஹார்லனின் அறைக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டார்கள். ஹார்லன் நல்ல மனிதர்தான், விதிப் புத்தகத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார்.

"முன்னாடி போட்ட ஒம்பதும் அப்படியே நிக்கும்," என்றார். "இதுக்கப்புறம் நீ இதத் தொடக்கூடாது, கொலெட். இதப் பத்தி யார்கிட்டயும் பேசவும் கூடாது. பெட்ரா பாத்துக்குவா."

"எனக்கு சால்மன் மீன் தெரியும் ஹார்லன்," என்றேன். "நெவாடால ஒரு மரம்கூடத் தெரியாது."

"அங்க மரமே கம்மிதான். கத்துக்கலாம்."

கொலெட் தன்னுடைய கோப்புகளை எல்லாம் என் மேசைக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். "இதுல எழுதியிருக்கறது வரைக்கும் உன்னோடது. எழுதாதது எதுவும் என்கிட்ட கேக்காத," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அதற்குப் பிறகான ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நான் தப்பான ஆளிடம் தப்பான கேள்வி கேட்பது தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கும். திருத்த முடியாது. கசப்போடையில் ஒரு ஊற்று இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு நான் போனில், "தண்ணி இருக்கே, அப்ப வீடு கட்டலாமே, வெல ஏறுமே," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். ஒரே மூச்சில் அவள் சொல்லியிருக்கக்கூடியதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கடைசியில் நில அலுவலகத்தின் களப் பணியாளர் ஒருவர்தான் சொன்னார்.

"அந்தத் தண்ணிய ஆட்டுக்குக் காட்டலாம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதோட உரிமை நெலத்தோட வராது, அது தனி. நூறு வருஷமா ஒரே ஆட்டுக்காரக் குடும்பத்துக்கிட்ட இருக்கு."

"யாரு அது?"

"இரிபார்னு ஒரு குடும்பம்."

போனை வைத்துவிட்டு எதிரே பார்த்தேன். நெற்றி அசையவில்லை.

ஜூன் முதல் வாரம் அரசியல் செய்திகள் போடும் இணைய இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் நில விற்பனையைக் கெடுப்பதற்காக வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டார் என்று பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தார்கள். அவளுடைய பெயரும் அண்ணன் பெயரும் இருந்தன. இருபத்து நான்கு படிவங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்தாவது வரைபடம் வருவதற்கு முன்னால் ரெனேவின் நிலம் மசோதாவிலேயே இல்லை என்பதையும் எழுதவில்லை.

நாங்கள் பத்திரிகைகளுக்குப் பதில் எழுதுவதில்லை. அதுவும் விதிதான். வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்து அவளுடைய ஒன்பது மதிப்பீடுகளையும் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு அடிக்குறிப்பில் தேதி தப்பு என்றார்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"திருட்டுப் பட்டம் கட்டிருந்தாக்கூடப் பரவால்ல பெட்ரா," என்றாள் ஒரு மத்தியானம். "தெரியாமப் போட்டேன்னு சொல்லிருந்தாலும் பரவால்ல. தெரிஞ்சே தப்பாப் போட்டேன்னு சொல்றாங்க பாரு."

நான் போட்ட பத்தாவது எண் ஐந்து கோடி எழுபது லட்சம். மேசனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"பெட்ரா, உங்களுக்கும் அங்க ஆடு இருக்கா?" என்றார்.

"மீன்தான் இருக்கு," என்றேன்.

ஆறு நாள் கழித்துக் குழுத் தலைவர் அவையில் எழுந்து நின்று, எந்த மதிப்பீட்டை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் விதிப்படித் தனக்கு உண்டு என்றும், தன்னுடைய கணக்கில் இது நூற்று நாற்பது கோடி என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நடைக்கூடத்துத் தொலைக்காட்சியில் நாங்கள் நின்றபடி பார்த்தோம். நாற்பது நொடிகூட ஆகவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது, அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஹார்லன் தொண்டையைச் செருமினார். கொலெட், "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் நிலம் விற்கும் பகுதியையே மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மான் வேட்டைக்குப் போகிறவர்களின் சங்கம் ஒன்று பக்கத்து மாநிலத்துச் செனட்டர் ஒருவரைப் பிடித்து, தங்கள் இடத்தை விற்றால் ஓட்டு கிடையாது என்று சொல்லியிருந்தது. அவருடைய ஒரு ஓட்டு இல்லாமல் மசோதா நகராது. விவாதம் முழுவதிலும் ஆறு கோடி என்றோ நூற்று நாற்பது கோடி என்றோ யாரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ரெனே போன் செய்தான். கொலெட் கையில் சாண்ட்விச் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், உட்கார் என்று சைகை காட்டினாள். இனிமேல் பேசலாம் என்பதால் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"ரெனே, கேள்விப்பட்டியா? எடுத்துட்டாங்க."

"கேள்விப்பட்டேன். இப்ப சந்தோஷமா உனக்கு?"

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"என்ன பேசற நீ? உன் நெலம் தப்பிச்சுது."

"யாரு தப்பிக்கணும்னா? கசப்போடைய மேப்ல சேக்கச் சொல்லி லெட்டர் போட்டதே நான்தான். ஊத்தச் சுத்தி எரநூறு ஏக்கர வாங்கி வேலி போட்டுக்கலாம்னு இருந்தேன். பத்து வருஷத்துக்கு ஒரு தடவ உரிமத்துக்குக் கெஞ்சற பொழப்பு விடும்னு பாத்தா, நீ அஞ்சு கோடி, ஆறு கோடின்னு போட்டு அத ஒண்ணுமில்லாம ஆக்கிட்ட."

கொலெட் சாண்ட்விச்சைத் தாளில் வைத்தாள்.

"நீ லெட்டர் போட்டியா? யாருக்கு?"

"அந்தப் பையன் பிரையர் ஆபீஸுக்கு. ரொம்ப மரியாதையாப் பேசினார். ஒங்க வீட்ல யாரோ இங்க வேல பாக்கறாங்களான்னு கேட்டார். தங்கச்சின்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே ரெனே."

"நீதான இருவது வருஷமா ஆபீஸ் விஷயம் பேசாத, பேசாதன்னு என் வாய அடைக்கற? பேசல."

அவள் போனை வைத்தாள். முழங்கை மாதிரித் துருத்திய அந்த எல்லை மேசனுடைய தந்திரம் என்று நாங்கள் இருவருமே உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால் மேசன் செய்ததெல்லாம் வந்த கடிதத்தை மசோதாவில் சேர்த்ததுதான். சேர்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் கேட்கவில்லை, அவர் சொல்லப்போவதும் இல்லை.

"என்னைய வெளில தள்ளினது என் அண்ணன்," என்றாள் கொலெட். அவ்வளவுதான் சொன்னாள்.

செப்டம்பரில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் சமயத்தில் அவள் ஊருக்குப் போனாள். திரும்பி வந்து எனக்குச் சொன்னது இது. ரெனே தன் பிக்கப் வண்டியில் அவளைக் கசப்போடைக்குக் கூட்டிப்போனான். ஊற்று என்பது ஒரு குழாய், ஒரு தகரத் தொட்டி. வண்டியிலிருந்து இறங்காமலே இருவரும் சண்டை போட்டார்கள். இருநூறு ஏக்கரை உனக்குத்தான் தருவார்கள் என்று யார் சொன்னது என்று அவள் கேட்டாள். வேறு யார் வாங்குவார்கள் என்றான் அவன்.

"அது ஏலம் ரெனே. அதிகம் கேக்கறவங்களுக்குத்தான். முப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கு. மேய்க்கறவனுக்கு முன்னுரிம எதுவும் கெடையாது."

"யாரு முப்பத்தோராம் பக்கம் வரைக்கும் படிப்பா?"

"நான் படிப்பேன். அதுக்குத்தான் சம்பளம். அந்த மேட்டுல தோண்டற கம்பெனி, ஒரு மத்தியான விருந்துக்குச் செலவு பண்ற காசுல உன்ன வெளியேத்திருக்கும்."

அவன் வண்டியைக் கிளப்பினான். ஊருக்குள் போய், பாஸ்க் விடுதியில் முன்பின் தெரியாதவர்களோடு நீள மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் பீன்ஸும் சாப்பிட்டார்கள். எதிரே இருந்த லாரி டிரைவரிடம் இருவரும் தனித்தனியாகப் பேசினார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை. கிளம்பும்போது அவன் ஒரு பொட்டலம் கம்பளி நூலை அவள் பையில் திணித்தான். "எனக்குப் பின்னத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும்," என்று அதையும் ஒரு குற்றமாகத்தான் என்னிடம் சொன்னாள்.

அலுவலகத்தில் அவளைச் சோரல் மாவட்டத்திலிருந்து விலக்கியது விலக்கியதுதான். பிறகு பத்திரிகை விவகாரம் ஆகிவிட்டதால் நெவாடா முழுவதும் வேண்டாம் என்றார்கள். ஒரு வருடத்துக்குள், குழப்பமில்லாமல் இருக்கட்டும் என்று, நில விற்பனையே வேண்டாம் என்று அதை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய இருபத்து நான்கு வருடப் படிப்பு என் அலமாரியில் இருக்கிறது, பாதி எனக்கு இன்னும் புரியவில்லை. பழைய சட்டப்படி விற்கவேண்டிய ஊரோர இரண்டாயிரம் ஏக்கரில் முதல் பங்கு போன இலையுதிர் காலத்தில் ஏலம் போயிற்று. ஏக்கருக்கு அவள் போட்டிருந்த விலைக்கும் ஏலம் போன விலைக்கும் நூற்றுச் சொச்சம் டாலர்தான் வித்தியாசம். தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"எனக்குக் காட்டாத பெட்ரா," என்றாள். "அது நெவாடா."

"வெறும் ஏல முடிவுதான். பேப்பர்லயே வந்தாச்சு."

"அப்ப பேப்பர்ல படிச்சுக்கறேன்."

படித்தாளா என்று தெரியாது. ஹார்லனிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். நல்லது என்று சொல்லிக் கோப்பில் போட்டார்.

இப்போது அவள் கீழ்த்தளத்தில் அஞ்சல் துறைக் கணக்குகளைப் பார்க்கிறாள். எட்டு மணிக்கு வருகிறாள், ஐந்தரைக்குப் போகிறாள். அந்த வேலையும் சுத்தமாகத்தான் செய்கிறாள், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ரெனேவின் உரிமத்தை இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்கிறான். கம்பளி விலை, மழை, முழங்கால் வலி என்று பேசுகிறார்களாம். ஓய்வு பெறலாமே என்று கேண்டீனில் ஒரு நாள் கேட்டேன். "நான் போனா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்," என்றாள். தட்டில் இருந்த உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு, என்னிடமிருந்த அணைகளை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள்.